தசைச் சிதைவுற்ற சிறுவனும் அவன் கல்வியும்



பல்லாண்டுகளுக்கு முன் நாம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராய் இருந்தோம். 'புத்தகத்தை எடு, பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பு, மூன்றாம் கணக்கைப் போடு' என்றோம். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் புத்தகத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வாளாவிருந்தான். திமிர் என்று எண்ணிப் பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னோம். ஏற இயலாமல் அவன் தடுமாறியதையும் நடிப்பென்றே கொண்டோம். அவனுக்கு வந்திருந்தது டுஷேன் வகைத் தசைச் சிதைவு நோய் என்பது பின்னரே தெரியவந்தது.

இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். கெண்டைக்கால் பருத்திருக்கும், தரையிலிருந்து எழுகையில் பிள்ளை தன் தொடைமேல் கையூன்றி எழுவான், 12 வயதையொட்டிப் பலர் நடையை இழப்பர். இவை மருத்துவர் கவனிப்பவை. ஆசிரியர் அறியவேண்டியது வேறொன்று. தசைநார்களைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் 1987இல் கண்டறியப்பட்டது. அது மூளையிலும் உண்டு. அது குன்றுவதால், காதில் விழுந்ததை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் சிலருக்குத் தளர்ந்திருக்கும். மூன்று கட்டளைகளில் முதலாவதே நிற்கும். எழுத்துக்கூட்டிப் படித்தல் தாமதப்படும், கவனம் சிதறும், ஒன்றையே பற்றிக்கொண்டு வாதாடுவர், ஆட்டிசத்தின் கூறுகளும் சிலரிடம் உண்டு. எல்லாரிடமும் அன்று, நன்கு கற்பாரும் உளர். தசை நலிவதுபோல் அறிவு ஆண்டுதோறும் நலிவதில்லை. உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் சிலரைச் சிடுசிடுக்கச் செய்யும். ஓடியாடிய பிள்ளை ஒதுங்கி அமர்ந்து பிறர் ஆட்டத்தைப் பார்க்கும் துயரமோ தனி. எது நோய், எது துயரம் என்று பிரித்தறிதல் எளிதன்று.

'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று பிறர் நம்மைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே சொல்லை அவன் தந்தையிடம் நாமே சொன்னோம். காலும் இல்லை, படிப்பும் இல்லையென்று அவர் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை நிறுத்திவிட்டார்.

செய்யவேண்டியவை பெரியன அல்ல. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை போதும்; அதை அவன் வாயால் திருப்பிச் சொல்லவைத்தல் வேண்டும்; கரும்பலகையில் எழுதியும் காட்டவேண்டும். எழுதிக் கை ஓய்ந்தால் வாய்மொழியாகக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பட்டியலில் சேர்த்துள்ளது. நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி உரிமையாகும். வீட்டோடு இருத்தப்பட்ட பிள்ளை எவனும் உங்கள் தெருவில் உண்டாயின், இளைஞர்களே, சான்றிதழ் பெற அவன் பெற்றோருக்குத் துணைசெல்லுங்கள்.

அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. அதைக் கீழே இறக்க ஒரு முற்பகலே போதுமானதாயிற்று. ஆனால் இறக்கியது அவன் நின்றுபோன மறு ஆண்டில்தான்.