ஆற்றுப்படையும் ஊடல் வாயிலும்



மனநோவுற்றோர்க்கும் மணவாழ்வில் பிணக்குற்றோர்க்கும் உரையாடலால் துணைநிற்கும் பணியை இந்நாளில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று வழங்குகின்றனர். பொருத்தமான சொல் இது. பரிசில் பெற்று மீள்வோன், வறுமையோடு எதிர்வருவோனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை.

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், நம் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடுவது. அதில் கூத்தர்க்கு வழிகூறுவோன் நன்னனின் கொடைச்சிறப்பை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் பாறை, புனங்காப்போர் எறியும் கவண்கல் ஆகிய இடர்களையும் மறையாது எடுத்துரைக்கிறான். ஆயினும் நடக்க வேண்டியவர்கள் கூத்தரே. தனி மனிதரை ஆற்றுப்படுத்தும் நெறியும் இதுவே. அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், துணைநிற்போனிடம் பாசாங்கின்மை, நிபந்தனையற்ற ஏற்பு, பிறர் நெஞ்சில் நின்று உணர்தல் ஆகியன வேண்டுமென்றார். அறிவுரை வழங்குதல் அப்பட்டியலில் இல்லை.

அறிவுரை விரைந்தால் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. தீக்கனாக் கண்டு அஞ்சிய கண்ணகிக்குத் தேவந்தி உடனே பரிகாரம் கூறுகிறாள். இரு பொய்கைகளில் நீராடிக் காமவேளைத் தொழச் சொல்கிறாள். அது பெருமையன்று என மறுக்கிறாள் கண்ணகி. தோழியின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த அச்சம் எத்தகையது என அவள் கேட்கவேயில்லை.

இருவரிடையே எழும் பிணக்கில் பணி மேலும் அரிதாகிறது. தொல்காப்பியக் கற்பியல் ஊடல் தீர்க்கும் வாயில்களாகத் தோழி, பாணன், விருந்தினர், அறிவர் உள்ளிட்ட பன்னிருவரை எண்ணுகிறது. தலைவனுக்காக வாயில் நேரும் தோழியே, வேண்டுமிடத்து வாயில் மறுக்கவும் உரிமையுடையவள். சேர்த்துவைத்தலே வெற்றி என அவள் கருதுவதில்லை. தலைவியின் நெஞ்சமே அவளுக்கு அளவுகோல்.

இந்நகரில் ஆண்டுதோறும் தை 2ஆம் நாள் நிகழும் திருவூடல் விழாவை அறியாதார் யார்? அவ்விழாவால் ஒரு தெருவே திருவூடல் தெரு எனப் பெயர் பெற்றது. அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் இடையே சுந்தரர் தூது நடக்கிறார். அம்மை உடனே இசைவதில்லை. இறைவன் வெளியே தங்க, மறுநாள்தான் ஊடல் தணிகிறது. எந்தத் தூதுக்கும் காலம் வேண்டும் என்பதை ஊரே கண்டு உணர்கிறது. அதே சுந்தரருக்காக இறைவன் திருவாரூரில் பரவையாரிடம் இருமுறை தூது சென்றதைப் பெரியபுராணம் கூறும். முதன்முறை அவர் மறுத்தார். தூதுவனாக வந்த இறைவனும் அம்மறுப்பை ஏற்றுத் திரும்பினான். கதவைத் திறக்கும் உரிமை உள்ளிருப்பவருடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வள்ளுவர் ஊடலை உணவின் உப்புக்கு ஒப்பிட்டார். அளவு மிகின் கெடும் என்றும் உரைத்தார். அடியும் அச்சுறுத்தலும் ஊடலாகா. 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டம் இணக்கத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ பெண்ணின் பாதுகாப்பை முன்னிறுத்தியது. அச்சத்தால் வாய்மூடியிருப்பவளை ‘அனுசரித்துப் போ’ என்று அனுப்புபவர் வாயிலும் ஆகார்; ஆற்றுப்படுத்துநரும் ஆகார். பாறை வழுக்கும் எனச் சொல்லாமல் கூத்தரை மலைக்கு அனுப்பியவராவார்.

மனநோவைச் சொல்ல நாணும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. மலை சுற்ற வருவோருள் எத்தனையோ பேர் அந்நோவைச் சுமந்தே நடக்கின்றனர். தலைவியின் சொல்லா மொழியைச் சொல்லாக்கித் தந்த மரபு நம் மரபு. பத்தாண்டு நிறைவுகாணும் இவ்வட்டத்துக் கவிஞர்கள், பாடும் வாயோடு கேட்கும் செவியையும் பேணுவார்களாக. தீர்ப்புக் கூறாமல் கேட்கும் ஒரு செவி, துயருற்றோர்க்கு முதல் வாயில்.