அகமுகமும் புறமுகமும்

"அவர் கூச்ச சுபாவம் உள்ளவர், இவர் கலகலப்பானவர்" என்று பிறரைப் பற்றி நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். சொன்ன அக்கணமே அவரை முற்றும் அறிந்துகொண்டதாகவும் எண்ணிவிடுகிறோம். மனிதரை இவ்வாறு வகைப்படுத்துதல் எந்த அளவுக்குத் தகும் என்னும் வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவரான கார்ல் குஸ்தாவ் யுங். 1875இல் பிறந்து 1961இல் மறைந்த அப்பெரியாரின் கொள்கையைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

1900ஆம் ஆண்டின் இறுதியில் யுங், சூரிக் நகரத்து மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். அங்கே அவர் ஓர் எளிய சோதனையை நடத்தி வந்தார். எதிரே இருப்பவரிடம் நூறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் மனத்தில் முதலில் தோன்றும் சொல்லை அவர் உடனே கூற வேண்டும். விடை வரும் நேரத்தைக் கடிகாரம் அளக்கும். பெரும்பாலான சொற்களுக்கு விடை விரைந்து வரும். சிலவற்றுக்கு மட்டும் நா தயங்கும். ஏன் தயங்கினோம் என்பது அவருக்கே தெரியாது. நாம் அறியாமலே நமக்குள் உணர்ச்சி முடிச்சுகள் கிடக்கின்றன என்று யுங் இதிலிருந்து உய்த்துணர்ந்தார்.

1907இல் அவர் வியன்னா சென்று பிராய்டைக் கண்டார். நெருங்கிய நட்பு மலர்ந்தது. ஆனால் 1913இல் முறிந்தது. நனவிலி மனம் என்பது பெரும்பாலும் நாம் ஒதுக்கி அமுக்கிய ஆசைகளின் உறைவிடம் என்பது பிராய்டின் கருத்து. யுங்கோ, அதற்கும் அடியில் மனித குலம் முழுமைக்கும் பொதுவான ஒரு தளம் உண்டு என்றார். அதற்குச் சான்று தேடிப் பல நாட்டுப் புராணங்களையும் சமயங்களையும் கற்றார். 1937இன் இறுதியில் இந்தியாவுக்கும் வந்தார். இப்பொதுத்தளம் பற்றிய கருத்தை இன்றைய உளநூலார் பலர் ஏற்பதில்லை.

1921இல் வெளியான அவரது நூல் மனித வகைகளைப் பற்றியது. உள்ளத்தின் நாட்டம் புறப்பொருள்களையும் பிற மக்களையும் நோக்கி ஓடுமாயின் அது புறமுகம். தன் அகத்தை நோக்கித் திரும்புமாயின் அகமுகம். அகமுகத்தைக் கூச்சம் என்று நாம் மொழிபெயர்ப்பது பிழையாகும். கூச்சம் என்பது அச்சத்தின்பாற்பட்டது; அகமுகமோ நாட்டத்தின் திசையைக் குறிப்பது. இவ்விரண்டோடு சிந்தனை, மதிப்புணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் நான்கு ஆற்றல்களும் சேர, எட்டு வகைகள் பிறக்கின்றன.

இங்கேதான் வகைக்கும் நனவிலி மனத்திற்கும் உள்ள தொடர்பு புலப்படும். ஓர் ஆற்றலையே நாம் ஓயாது பயன்படுத்தினால், அதற்கு எதிரான ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. பயிற்சியின்றி நனவிலி மனத்தில் கிடந்து, நாம் சோர்ந்திருக்கும் வேளையில் கட்டுக்கடங்காமல் வெளிப்படும். அலுவலகத்தில் எதையும் நியாயத் தராசில் நிறுத்தி முடிவு செய்யும் ஒருவர், வீட்டில் ஓர் அற்பச் சொல்லுக்குக் குழந்தையைப்போல் வெகுண்டெழுவதை நாம் கண்டதில்லையா? ஆதலின் யுங்கின் வகைப் பெயர் ஒருவருக்கு அளிக்கும் நற்சான்று அன்று. அவர் எதை வளர்க்காமல் விட்டார் என்பதையும் அது சுட்டுகிறது.

பின்வந்தோர் இந்த நுட்பத்தைப் பலவேளை மறந்தனர். யுங்கின் கருத்தைத் தழுவி 1962இல் அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற மயர்ஸ் பிரிக்ஸ் வினாத்தாள் மக்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. ஆயினும், சில வாரங்கள் கழித்து மீண்டும் விடையளிப்போரில் பலருக்கு வேறு வகை அமைந்துவிடுகிறது. அகமுகம், புறமுகம் என்பன இரு தனிப் பெட்டிகள் அல்ல, ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்பதும், மக்களுள் மிகுதியானோர் இடைப்பகுதியிலேயே நிற்கின்றனர் என்பதும் இன்றைய ஆய்வாளர் கண்ட முடிவு.

தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துச் சிறுமியை எண்ணிப் பாருங்கள். வீட்டில் ஓயாது பேசும் அவள், புதிய பள்ளியில் வாய் திறப்பதில்லை. ஆசிரியர் அவளை ஒதுங்கும் இயல்பினள் என்று குறித்துவிடுகிறார்; பெற்றோரும் நம்பிவிடுகின்றனர். அவளுக்குக் குறைந்தது இயல்பன்று, அவ்வூர் மொழியே. அவள்மீது ஒட்டிய பெயரோ, மொழி வந்த பின்னும் நீங்காமல் அவளையே அதற்கேற்ப மாற்றிவிடக்கூடும். மாறாக, உண்மையிலேயே தனிமையை விரும்பும் சிறுவனை நாலு பேரோடு பழகு என்று நாள்தோறும் நெருக்குதலும் கொடுமையே.

ஆகவே, பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டுமுன், அவர்கள் வீட்டில் எவ்வாறு இருக்கின்றனர், விளையாடுமிடத்தில் எவ்வாறு இருக்கின்றனர், எம்மொழியில் மனம்விட்டுப் பேசுகின்றனர் என்று சில மாதங்கள் பொறுத்துக் கவனியுங்கள். யுங்கின் கொள்கையில் எதை ஏற்றாலும் எதை விடுத்தாலும், இந்தப் பொறுமையை அதனின்று நாம் கற்றுக்கொள்ளலாம்.