தூரம் நீதிக்குத் தடையா?



மும்பையில் கூலிவேலை செய்யும் நம் சகோதரிக்கு நெல்லை நீதிமன்றத்திலிருந்து விவாகரத்துச் சம்மன் வருகிறது. வாய்தாதோறும் ரயிலேறினால் வேலை போகும். ஏறாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு விழும்.

கலங்க வேண்டாம். ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றக் கோரி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வழி இது. மனுவோடு பிரமாண வாக்குமூலம் வேண்டும். வீண் மனுவென்று தள்ளப்பட்டால் எதிர்தரப்புக்கு நட்டஈடு கட்ட நேரலாம்.

டில்லி வக்கீலுக்குப் பணமேது என்கிறீர்களா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

சம்மன் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். அன்றே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாம் ஊரைவிட்டு வந்தோம். உரிமையை விட்டு வரவில்லை!