புள்ளிக்கோடாய்க் கிடந்த ஆறு



பயண நூல்களைப் படிக்கும்போது பயணி போய்ச் சேர்ந்த இடமும் அங்கு அவர் கண்ட காட்சிகளுமே நம் மனதில் நிற்கின்றன. புறப்படுமுன் அவர் என்ன மூட்டை கட்டினார், யாரிடம் வழி கேட்டார், எந்த நாளில் திரும்புவதென்று தீர்மானித்தார் என்ற பக்கங்களை நாம் விரைவாகப் புரட்டிவிடுகின்றோம். இன்று அந்தப் பக்கங்களைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அதற்கு நான் எடுத்துக்கொள்பவை, ஒரே துயரத்திலிருந்து பிறந்த இரண்டு ஆங்கில நூல்கள். ஒன்று, டில்லன் வொலஸ் 1905இல் வெளியிட்டது. மற்றது, மினா ஹபர்ட் என்ற பெண்மணி 1908இல் வெளியிட்டது. இரண்டும் கனடாவின் வடகிழக்கேயுள்ள லபிறடோர் வனாந்தரத்தைப் பற்றியவை. கனடாவிற் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பியதால் இவை எனக்குக் கிடைத்தன.

முதலில் அந்தப் பயணத்தின் தன்மையைச் சொல்லவேண்டும். கனூ என்பது ஒடுங்கிய, பாரமற்ற ஒரு வள்ளம். அமைதியான நீரில் அதனைத் துடுப்பால் வலிப்பர். நீரோட்டம் எதிர்த்தால் கோலூன்றித் தள்ளுவர்; அதுவும் முடியாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் கடுநீரும் அருவியும் குறுக்கிட்டால், வள்ளத்தையும் பொருள்களையும் தோளிற் காவிக்கொண்டு காட்டு வழியே அடுத்த நீர்நிலைக்குச் செல்லவேண்டும். சுமையை மூன்று தடவையாகக் காவுபவன் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பி வரவேண்டும். ஆகவே ஒரு மைல் அவனுக்கு ஐந்து மைலாகின்றது. உணவு குறைந்தாற் பசி. கூடினால் முதுகு முறியும். இந்தக் கணக்கே இத்தகைய பயணத்தின் உயிர்நாடி.

1903ஆம் ஆண்டு லியோனிடாஸ் ஹபர்ட் என்ற இளம் பத்திரிகையாளர் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டார். அவரோடு வந்தவர்கள் இருவர். ஒருவர் அவருடைய நண்பரான சட்டத்தரணி வொலஸ். மற்றவர் ஜோர்ஜ் எல்சன். ஸ்கொத்லாந்து இரத்தமும் கனடாவின் பூர்வ குடிகளான கிறீ மக்களின் இரத்தமும் கலந்தவர். நஸ்கோப்பி ஆற்றின் வழியே மிச்சிக்கமோ என்ற பேரேரியை அடைந்து, அப்பால் ஜோர்ஜ் ஆற்றின் வழியே வடக்கே உங்காவாக் குடாவுக்கு இறங்குவதே திட்டம். உள்நாட்டில் வாழ்ந்த நஸ்காப்பி மக்களையும், கூட்டங் கூட்டமாக இடம்பெயரும் கரிபு மான்களையும் காண ஹபர்ட் ஆசைப்பட்டார்.

அவர்களிடம் நிலப்படம் இருந்தது. ஆனால் அளந்து பார்க்கப்படாத பகுதிகளை அது புள்ளிக்கோடுகளாலேயே காட்டியது. கிராண்ட் ஏரியில் ஒரே ஓர் ஆறு விழுவதாக அதில் இருந்தது; உண்மையில் விழுபவை பல. ஏரியை நன்கறிந்த உள்ளூர் வேட்டைக்காரர் எவரும் அவர்களோடு வள்ளத்தில் இருக்கவில்லை. ஜூலை 15இல் புறப்பட்டவர்கள், தீவொன்று மறைத்திருந்த நஸ்கோப்பியின் முகத்துவாரத்தைக் குடாவென்று எண்ணிக் கடந்துபோயினர். ஏரியின் தலைப்பில் விழுந்த சூசன் என்ற சிற்றாற்றிலே ஏறினர். அதிற் பல இடங்களில் வள்ளம் மிதக்கவும் நீரில்லை. கோடையின் நல்ல நாள்கள் காவுவதிலேயே கழிந்தன. மீன் பிடித்துச் சமாளிக்கலாமென்ற கணக்கும் தவறியது. புறப்படுமிடத்தில் நல்ல வலை கிடைக்கவில்லை, கிடைத்த பழைய வலை இற்றுப்போயிற்று.

செப்டெம்பரில் ஒரு மலை மீதிருந்து மிச்சிக்கமோ ஏரி கண்ணுக்குத் தெரிந்தது. காற்று விடவில்லை, உணவும் இல்லை. 15ஆம் திகதி திரும்புவதென்று முடிவாயிற்று. திரும்பும் வழியில் பீவர் என்ற பெரிய ஆற்றை அடைந்தனர். அந்த ஆற்றையே பிடித்துச் செல்வோம் என்றார் எல்சன். தாம் கண்ட கனவொன்றையும் சொன்னார். ஆற்றை விடாதே என்று அதிலே கட்டளை கிடைத்ததாம். ஹபர்டோ தெரிந்த வழியே நல்லதென்று சூசன் பள்ளத்தாக்குக்கு மீண்டார். பீவர் ஆறு நேரே கிராண்ட் ஏரியிலேயே விழுகின்றது என்பதை அன்று அவர்கள் அறியார். ஒக்டோபர் 18இல் கூடாரத்துக்குள் ஹபர்ட் தம் கடைசி நாட்குறிப்பை எழுதினார். பட்டினி அவரைக் கொண்டுபோயிற்று. எல்சன் தனியே நடந்து சென்று உதவிக்கு ஆட்களை அனுப்பியதால் வொலஸ் உயிர் தப்பினார்.

ஹபர்டின் மனைவி மினா. வொலஸின் நூல் தம் கணவரைச் சித்திரித்த விதம் அவருக்கு மனத்தாங்கலைத் தந்தது. கணவர் விட்ட பயணத்தைத் தாமே முடிப்பதென்று துணிந்தார். வொலஸும் அதே எண்ணத்தோடு வந்தார். 1905 ஜூன் 27இல், ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில், இரு குழுக்களும் போட்டியாகப் புறப்பட்டன.

மினாவின் ஆயத்தத்தைப் பாருங்கள். ஒரு வள்ளத்துக்குப் பதிலாக 19 அடி நீளமான இரண்டு வள்ளங்கள். 392 இறாத்தல் கோதுமை மா, 200 இறாத்தல் உப்பிட்ட பன்றியிறைச்சி உட்பட 750 இறாத்தல் உணவு. வலைகள் இரண்டு. வழி நடத்த எல்சன். கடுநீரில் கோலூன்றக் கைதேர்ந்த ஜோப் சாப்பீஸ், ஜோசப் இசர்ஹோஃப் ஆகியோர். இவர்களோடு கில்பர்ட் பிளேக் என்ற உள்ளூர் இளைஞர். 1903இல் வொலஸை மீட்கச் சென்றவர்களுள் ஒருவர். நஸ்கோப்பியின் வாயை இம்முறை எவரும் தேடவேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு ஆயத்தம் இருந்தும் ஆறு அவர்களைச் சும்மா விடவில்லை. தொடக்கத்திலேயே கடுநீரில் ஒரு வள்ளம் கவிழ்ந்து, கோடரிகள் யாவும், பொரிக்கும் தாச்சிகளும், அடுப்பும் ஆற்றோடு போயின. ஆனால் உணவு பெரும்பாலும் தப்பியது, பயணமும் தொடர்ந்தது. இன்னொன்று, ஓகஸ்ட் கடைசி வாரத்தில் வரவேண்டிய கப்பலை வைத்தே மினா நாள்களை எண்ணினார். அதற்குள் உங்காவாவை அடைய முடியாதாயின் திரும்பவேண்டும் என்ற கேள்வி வழிநெடுக அவரோடு இருந்தது. ஐயம் மிகுந்தபோது, ஐந்து இரவு தூங்கினால் போதும், இடம் வந்துவிடும் என்று நஸ்காப்பி மக்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஏறத்தாழச் சரியாயிருந்தது. 576 மைல் கடந்து ஓகஸ்ட் 27இல் அவர் போய்ச் சேர்ந்தபோது 150 இறாத்தல் உணவு மிச்சம். வொலஸ் வந்தது ஒக்டோபர் 16இல். கப்பலும் ஒக்டோபரில்தான் வந்தது!

திருக்குறளில் தெரிந்து செயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரங்கள் நிரையாக வருவதை வகுப்பிலே கற்பிப்பவன் நான். அந்த வரிசையை மாணவருக்கு விளக்க இவ்விரு நூல்களையும்விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஹபர்டிடம் துணிவு குறைவாக இருக்கவில்லை. அன்பும் குறைவாக இருக்கவில்லை. இடமறிந்தவனை உடன் கொள்ளாமையும், சுமை காவியவனின் சொல் இறுதி முடிவில் ஏறாமையுமே அவருடைய குறை. மினா வெற்றி பெற்றது எல்சனின் சொல்லை நம்பியதால். நூலின் அட்டையில் மினாவின் பெயரே உண்டு. ஆனால் 1903இன் துயரத்தை எல்சன் தம் வாயாற் சொன்ன பகுதியையும் அவர் தம் நூலுக்குள்ளே சேர்த்துவைத்தார். எனக்கு அந்நூலில் மிகப் பிடித்த செயல் அது.

மினா வரைந்த படமும் இன்று பழையதாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் சேர்ச்சில் அருவி மின்திட்டத்துக்காக மிச்சிக்கமோ ஏரி பெருநீர்த்தேக்கத்துள் மூழ்கியது. நஸ்கோப்பியின் மேல்நீரும் திருப்பப்பட்டது. மினா ஆயிரக்கணக்கிற் கண்ட கரிபு மந்தை 2018 கணக்கெடுப்பில் சுமார் 5,500 ஆகச் சுருங்கியிருந்தது. இன்று அங்கே செல்ல விரும்புவோர் நூலை மட்டும் நம்பிப் புறப்பட முடியாது. அங்கு வாழும் இன்னு மக்களிடம் கேட்டே புறப்படவேண்டும்.

நேயர்களே, அடுத்த தடவை ஒரு பயண நூல் உங்கள் கைக்கு வந்தால், அந்த மூட்டை கட்டும் பக்கத்தை நின்று படியுங்கள். யாரிடம் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்பது அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.