இந்தத் தோணி எது?



மன்னார்க் கடலின் முத்துச் சலாபத்தைக் கேள்விப்படாதார் நம்முள் இலர். 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டிக் கரையிலே பெரியதொரு சலாபம் நடைபெற்றது. அக்காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று கூறாக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும், ஒன்றே மூழ்கியோருக்குரியது. ஆகவே, சிப்பி எந்தத் தோணியின் கணக்கில் ஏறுகிறது என்பது அவர்தம் வயிற்றுப்பாட்டைப் பற்றிய வினா.

அக்கணக்கை இன்று கணினியில் எழுதுவதாகக் கொள்வோம். மொழி, 1995இல் பிரெண்டன் ஐக் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட். அதில் 'தோணி' என்றொரு பொருளை அமைக்கிறோம். அதனுள்ளே 'எண்ணிக்கை' உண்டு. அதன் தொடக்க மதிப்பு 0. 'சேர்' என்னும் செயல்முறையும் உண்டு. "இந்தத் தோணியின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு" என்பதே அதன் கட்டளை. 'இந்த' என்பதை அம்மொழி 'திஸ்' என்று கூறும்.

'தோணி.சேர்' எனப் புள்ளியிட்டு நாமே அழைத்தால் கணக்குச் சரியாக ஏறும். ஆனால், சிப்பிப் பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அழைக்குமாறு, 'ஃபார்ஈச்' என்னும் ஏற்பாட்டிடம் அச்செயல்முறையைக் கொடுத்துவிட்டால் என்ன நிகழும்? இவ்வாறு பிறர் அழைப்பதற்காக ஒப்படைக்கப்படுவதே 'கால்பேக்'. அங்கே கைமாறுவது கட்டளை மட்டுமே. தோணி உடன் செல்வதில்லை. 'இந்த' என்பது எதைச் சுட்டுகிறது என்பதை, கட்டளை எழுதப்பட்ட இடமன்று, அது அழைக்கப்படும் முறையே தீர்மானிக்கிறது.

பழைய தளர்ந்த முறையில், 'இந்த' என்பது நிரல் முழுவதற்கும் பொதுவான பொருளைச் சுட்டும். எச்சரிக்கை ஏதும் எழாது. தோணியின் கணக்கு 0 ஆகவே நிற்கும். 2009இல் வந்த கண்டிப்பு முறையிலோ, அது எதனையும் சுட்டாது. நிரல் பிழையுரைத்து நின்றுவிடும். ஓசையின்றிப் பொய்க்கணக்குக் காட்டுவதினும் நின்றுவிடுவதே நன்று.

பரிகாரம் இரண்டு. ஒன்று, அதே 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 'பைண்ட்'. அது தோணியோடு பிணைக்கப்பட்ட புதிய சார்பொன்றைத் தரும். மற்றொன்று, சிறு சார்பொன்றை எழுதி, அதனுள் 'தோணி.சேர்' என்று புள்ளியிட்டே அழைத்தல். 2015இல் வந்த அம்புச் சார்பு இதனைச் சுருக்கமாக எழுத உதவும். ஓர் எச்சரிக்கை: 'பைண்ட்' ஒவ்வொரு முறையும் வேறொரு சார்பையே தரும். நிகழ்வொன்றுக்கு இட்ட காவலைப் பின்னர் நீக்க வேண்டுமாயின், முதலிற் பெற்றதைப் பேணி வைத்தல் வேண்டும்.

கட்டளையைப் பிறர் கையிற் கொடுக்குமுன், "இந்தத் தோணி எது?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மூழ்கியவன் பங்கு அவனுக்கே சேரும்.