கதையைச் சொல்லாமல் நாவலைச் சொல்லுங்கள்

 

உங்களுக்குப் பிடித்த நாவலை இன்னொருவர் படிக்க வேண்டுமா? முழுக் கதையையும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அவர் ஏன் படிக்கப்போகிறார்? கறி வைக்கும்போது உப்புப் பார்க்க ஒரு துளிதானே உள்ளங்கையில் விடுவோம்? அந்த அளவு போதும்.

நான் சிபாரிசு செய்யும் நாவல், தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. நம் இலங்கை மலையக வாழ்க்கைதான் அதில். ஊவாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர் அவர். தான் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். லயத்துப் பேச்சை அறிந்தவர் எழுதியது. நாவலைப் பற்றி இதற்குமேல் சொல்லமாட்டேன்.

'எங்கள் கதையை நாங்களே படிக்க வேண்டுமா?' என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அவளிடம் 'எரியும் பனிக்காடு' கொடுத்தேன். டாக்டர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்தது. தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கதை. கடல் கடந்தும் அதே கங்காணி, அதே கடன், அதே அட்டைக்கடி. படித்துவிட்டு, அடுத்தது என்ன என்று அவளே வந்து கேட்டாள்.

ஆளைப் பாருங்கள், பிறகு நாவலைச் சொல்லுங்கள். கதையைச் சொல்லாதீர்கள். முடிந்தால் புத்தகத்தையே கையில் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு நாவல் போகட்டும்.