எலும்பின் கடைமடை



லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். முல்லைப்பெரியாறு தண்ணீர் திறக்கும்போதெல்லாம் செய்தித்தாளில் இந்த எண் வரும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதுதான் மனப்பாடம். நாம் உட்கார்ந்திருக்கும் ஊர் அந்தக் கணக்கில் கடைசி ஊர். மேலே வாய்க்கால் தளும்பினாலும் கடைமடையில் முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். எலும்புச் செல்லைப் பற்றிப் பேச வந்தவன் வாய்க்காலைப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், அங்கேதான் வரப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டித் திரும்புகிறவர். முதுகுவலி என்றார். பேச்சோடு பேச்சாக, "சேலை நீளமாயிருச்சு சார். முந்தியெல்லாம் கணுக்காலுக்கு மேல நிக்கும், இப்ப தரையைக் கூட்டுது" என்றார். சேலை எப்படி நீளும்? அவர்தான் குள்ளமாகியிருந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டைகள் இரண்டு ஆப்பு மாதிரி நசுங்கிக் கிடந்தன. கீழே விழவில்லை, அடிபடவில்லை.

சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உடம்புவலிக்கு மருந்துக்கடையில் கட்டித் தருகிற செட். உறையும் பெயரும் இல்லாத மூன்று மாத்திரைகள். கடைக்கு ஆளனுப்பிக் கேட்ட பிறகுதான், அதில் சின்னது டெக்ஸாமெத்தசோன் 0.5 மில்லிகிராம் என்று தெரிந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இரண்டு வருஷமாக. "அதைப் போட்டா மலை ஏறிருவேன். போடலைன்னா பாயை விட்டு எந்திரிக்க முடியல." முகம் உப்பி வட்டமானதைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பாராட்டியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம். அந்த அம்மா தினமும் ஆறரை மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டிருக்கிறார். 2.5 மி.கி. அளவிலேயே மூன்று மாதம் தாண்டினால் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்கின்றன இன்றைய மருத்துவ வழிகாட்டு நெறிகள்.

இந்த ஸ்டீராய்டு மருந்தை வில்லனாக்க நான் வரவில்லை. 1948 செப்டம்பரில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்டிசோன் ஊசி போட்டபோது, மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு. ஆஸ்துமா, சிறுநீரக நோய், லூபஸ் என்று அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் உடம்பிலேயே இந்த வகை ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் நோயில் எலும்பு இற்றுப்போகிறது என்று ஹார்வி குஷிங் 1932இலேயே எழுதி வைத்துவிட்டார். எச்சரிக்கை மருந்துக்கு முன்பே வந்துவிட்டது. நாம்தான் பிந்திவிட்டோம். நாம் என்னும்போது என்னையும் சேர்த்துத்தான். ஆஸ்துமா நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் எழுதிக்கொடுத்து, நுரையீரலை மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிய காலம் எனக்கும் உண்டு. எலும்பு என்று ஒன்று இருப்பது சீட்டெழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன். எலும்பை ஆக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட், கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற இரண்டும் மாணவர்களுக்குத் தெரியும். எலும்புச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருப்பது மூன்றாவது வகை, ஆஸ்டியோசைட். கல் போன்ற எலும்புக்குள் தனித்தனிக் குழியில் அடைபட்டு, மயிரிழை வாய்க்கால்கள் வழியே அண்டைச் செல்லோடு கைகோத்து வாழ்கிறது. உணவும் ஆக்சிஜனும் அந்த வாய்க்காலில் கசிந்து வந்தால்தான் உண்டு. உடம்புக்குள் இதுவும் ஒரு கடைமடைதான். ஸ்டீராய்டு எலும்பின் ரத்தநாளங்களையும் அந்தக் கசிவையும் குறைக்கிறது என்று வயதான எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அர்க்கன்சாஸில் வைன்ஸ்டீனும் மனோலகாஸும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 27 நாள் பிரெட்னிசோலோன் கொடுத்த எலிகளின் எலும்பில் ஆக்கும் செல்களும் குடியிருக்கும் செல்களும் கூட்டமாகத் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டன.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் இங்கேதான் உள்ளே வருகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியா எரிபொருளை எரிக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடுக்கான மூலக்கூறுகள் சிதறும். அவற்றை அடக்கக் குளூட்டாதயோன், கேட்டலேஸ் என்று செல்லிடம் காவல் இருக்கிறது. ஸ்டீராய்டு சிதறலைக் கூட்டிக் காவலைத் தளர்த்துகிறது. அதைவிட நுட்பமான சேதம் ஒன்று உண்டு. பீட்டா கேட்டெனின் என்ற புரதம் எலும்பு ஆக்கும் வேலையின் முக்கிய ஆள். அழுத்தம் கூடினால் ஃபாக்ஸ்ஓ என்ற புரதங்கள் அந்த ஆளைத் தற்காப்பு வேலைக்கு இழுத்துக்கொள்கின்றன. ஏலக்காய் மும்முரத்தில் ஆளெல்லாம் ஜீப்பேறி மலைக்குப் போய்விட்டால் இங்கே நடவுக்குக் கைகள் கிடைக்குமா? அதே கதைதான். வயல் இருக்கும், நாற்று இருக்கும், நட ஆளிருக்காது.

இதில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்டீராய்டு எலும்பு, ஸ்கேனில் அடர்த்தி குறைந்து காட்டுவதற்கு முன்பே முறிகிறது. உள்ளே குடியிருந்த செல் செத்துப்போன எலும்பில் விரிசலைக் கண்டு சொல்ல ஆளில்லை. 'எலும்பு அடர்த்தி ஸ்கேன் நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

தொடை எலும்பின் பந்துமுனை செத்துப்போவது ஸ்டீராய்டு சேதத்தின் இன்னொரு முகம். 2021இல் மும்பை இந்துஜா மருத்துவமனையின் சஞ்சய் அகர்வாலாவும் சகாக்களும், கோவிடுக்குப் பின் அப்படி வந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். நாடே திடுக்கிட்டது. கோவிடுக்கு முன்பும் நம் வார்டுகளில் நாற்பதைத் தொடாத ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இனி பிரண்டை. கருத்தரங்கில் பாதிக் கட்டுரைகள் மூலிகை பற்றியவை என்று அழைப்பிதழில் பார்த்தேன், மகிழ்ச்சி. வேலியில் படர்ந்து கிடக்கும் அந்த நாற்சதுரத் தண்டைச் சித்த மருத்துவம் வச்சிரவல்லி என்கிறது. அதைக் கார்டிசோனோடு மோதவிட்டுப் பார்த்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பிரசாத்தும் உடுப்பாவும் 1963இல், கார்டிசோன் கொடுத்து எலும்பு கூடுவது தடைப்பட்ட விலங்குகளில் பிரண்டை அந்தத் தடையைத் தணித்ததாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. இன்னும் எலியிலும் கண்ணாடித் தட்டிலுமே அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது என் மனக்குறை. ஸ்டீராய்டு எடுத்தே தீரவேண்டிய நோயாளிகளில் அளவும் காலமும் வகுத்த ஆய்வை யார் செய்வது?

கம்பம் பன்னீர் திராட்சைக்கும் இதே கேள்வி. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அதன் கறுப்புத் தோலில் ஆன்தோசயனின் இருக்கிறது. திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால் கண்ணாடித் தட்டில் எலும்புச் செல்லைக் காப்பதும் பார்த்ததுதான். ஆனால் வாய்வழி போன ரெஸ்வெரட்ரால் குடலிலும் கல்லீரலிலும் உருமாறி, ரத்தத்தில் துளியளவே தன் உருவில் மிஞ்சுகிறது. ஆகவே சுருளிப்பட்டித் தோட்டக்காரர்களே, பழம் நன்றாக விற்கட்டும், எலும்பு மருந்து என்று மட்டும் பலகை வைக்காதீர்கள்.

கையில் இருப்பவை எளியவை: ஆகக் குறைந்த அளவு, ஆகக் குறுகிய காலம், முதல் நாளிலிருந்தே கால்சியமும் வைட்டமின் டியும், முறிவு அபாயம் உள்ளவர்களுக்கு அலெண்ட்ரோனேட் அல்லது சோலெட்ரானிக் அமிலம், முற்றியவர்களுக்கு டெரிபாரடைட். அந்த அம்மாவுக்கு டெக்ஸாமெத்தசோனை ஒரேயடியாக நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால், இரண்டு வருஷம் தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். படிப்படியாகக் குறைத்தோம். மலை ஏறுவதை விட்டுவிட்டார்; வீட்டோடு இட்லிக்கடை போட்டிருக்கிறார். சேலை மட்டும் பழைய உயரத்துக்கு ஏறவில்லை.

முதல் அமர்வு பிரண்டை பற்றியது. கட்டுரை வாசிப்பவர்களிடம் நான் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தயாராக இருங்கள்: நீங்கள் செல்லுக்குக் கொடுத்த அளவு மனித ரத்தத்தில் எட்டுமா? மதியச் சாப்பாட்டில் பிரண்டைத் துவையல் உண்டாம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் நார் உரித்தீர்களா, எண்ணெயில் நன்றாக வதக்கினீர்களா என்று சமையற்கட்டில் விசாரித்துவிட்டேன். நாக்கு அரிக்காதாம். கருத்தரங்கைத் தொடங்கலாம்.